இதய அறுவைச் சிகிச்சையில் ஸ்டீராய்டு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் தாயாருக்கு 56 வயது, சர்க்கரை நோயும் உண்டு. இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டதால் அதை மாற்ற வேண்டும் என்று தஞ்சாவூரில் மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள். இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் இயந்திரத்தின் உதவியோடு செய்வதால் உடலில் அழற்சி உண்டாகும் என்றும், அதைத் தடுக்க ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். அது அவசியமா? நடவு வேலைக்குப் போன காலத்திலிருந்து மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டு வரும் மாத்திரைகளை அம்மா இப்போதே நிறுத்திவிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல், காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படும் மூட்டுவலி மாத்திரைகளில் பிரட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ கலந்திருக்கலாம், இரண்டும் ஸ்டீராய்டுகளே. இவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடலின் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசோலின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளக்கூடும். பெரிய அறுவையின்போது உடல் கூடுதலாகக் கேட்பது அந்தக் கார்டிசோலைத்தான். அது கிடைக்காவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போகும். ஆகவே மீதமுள்ள மாத்திரைகளை அப்படியே எடுத்துச் சென்று மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்று வாயால் சொன்னால் போதாது. தேவையென்றால் காலை நேரக் கார்டிசோல் அளவைப் பார்த்து, அறுவையன்று அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மருந்தைக் கொடுப்பார்கள். அதே மடிப்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலிநிவாரணி இருந்தால், அதை நிறுத்துவதும் அவர்கள் முடிவு.

உறவினர் சொல்வது வேறு விஷயம். இரத்தம் இயந்திரத்தின் குழாய்களையும் ஆக்சிஜனேற்றியையும் தொடும்போது நோயெதிர்ப்பு அமைப்பு கிளர்ந்தெழுவது உண்மைதான். ஸ்டீராய்டு அதை அடக்கும் என்பதும் உண்மை. இதை நம்பியே பல மருத்துவமனைகள் நெடுங்காலம் வழக்கமாக அந்த ஊசியைப் போட்டு வந்தன. ஆனால் அழற்சி குறைவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல. நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தசோனைச் சோதித்து 2012-இல் வெளியான ஆய்விலும், 18 நாடுகளில் 7,507 பேருக்கு மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையோ, ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி ஊசியையோ கொடுத்து 2015-இல் வெளியான ஆய்விலும், மரணமும் பெரும் சிக்கல்களும் குறைந்ததாக நிறுவப்படவில்லை. முதல் ஆய்வில் நோய்த்தொற்று குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதில் இதயத்தசைப் பாதிப்பு ஸ்டீராய்டு பெற்றவர்களிடமே சற்றுக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை அளவை அது ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அழற்சிக்காக மட்டும் உங்கள் தாயாருக்கு இதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் அவருடைய சுரப்பி சோர்ந்திருந்து, அதை ஈடுகட்ட ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தால் மறுக்காதீர்கள். சர்க்கரையை இன்சுலினால் சமாளிக்கலாம்.

கேள்வி: ஐந்து மாதமான என் பேரனுக்கு இதயத்தில் ஓட்டை அடைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் இதே பதில்தானா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஏறக்குறைய அதேதான், ஆனால் அவ்வளவு உறுதியாக அல்ல. அமெரிக்காவில் 24 மருத்துவமனைகளில் 1,200 சிசுக்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வின் முதன்மைக் கணக்கில் மெத்தில்பிரட்னிசலோனால் தெளிவான பலன் தெரியவில்லை. இன்சுலின் தேவைப்பட்ட குழந்தைகள் கூடினார்கள். துணைக் கணக்குகள் சில சாதகமாகச் சாய்ந்ததால் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதை வைத்துச் சிகிச்சையின் தரத்தை எடைபோடாதீர்கள். அறுவைக்குப் பின் சர்க்கரையை எத்தனை மணிக்கொருமுறை பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.