பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் எடுக்கலை!

கேள்வி: என்னுடையது 15 வருஷப் பழைய 150 சிசி பைக். காலையில் செல்ஃப் அழுத்தினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. கிக்கர் அடித்தால் கிளம்பிவிடுகிறது. பேட்டரி போட்டு 4 மாதம்தான் ஆகிறது, அதற்குள் மறுபடி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவசரப்படாதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. மீட்டரை எடுக்காமலே செல்ஃப் அழுத்துங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. 11-க்கு மேலேயே நின்றும் மோட்டார் சுற்றவில்லையா? பேட்டரியைத் திட்டாதீர்கள், கரன்ட் போகிற வழியில்தான் எங்கோ அடைப்பு.

அந்த ‘டிக் டிக்’ ரிலேவின் சத்தம், அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்சின் சத்தம். ரிலே இழுத்ததும் மோட்டார் கரன்ட் கேட்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. கடலோரம் இருக்கிறீர்கள் என்பதால் என் முதல் சந்தேகம் எர்த் ஒயர் (பேட்டரி மைனஸையும் இன்ஜினையும் இணைக்கிற ஒயர்) மேல்தான். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கும் ஒயரில் வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் ஒயரை மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் ஒயர் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் சேஸிஸில் பட்டதும் பொறி பறக்கும்.

எர்த் சுத்தம் என்றால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ரிலே வரை இதே மாதிரி அளங்கள். அதன் பிறகு ரிலேவின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே பாருங்கள். செல்ஃப் அழுத்தும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் உள்ளே கருகியிருக்கிறது, ரிலேவை மாற்றிவிடுங்கள். (ஒரே ஒரு ‘டொக்’ சத்தத்தோடு நின்றுவிடுகிற வண்டியில் பெரும்பாலும் மோட்டாருக்குள் கரன்ட்டைக் கொண்டுபோகிற கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், செல்ஃப் பட்டன்.)

பேட்டரிதான் படுத்திருக்கிறது என்றாலும் புதுசு வாங்குமுன் சார்ஜிங்கைப் பாருங்கள். வண்டியை ஓடவிட்டு 5000 ஆர்.பி.எம். அளவுக்கு முறுக்கினால் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஸ்டேட்டர் காயிலையும் (இன்ஜினில் கரன்ட் தயாரிப்பது) ரெக்டிஃபையர் (அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அளவோடு தருவது) கப்ளரையும் பாருங்கள், கப்ளர் பழுப்பேறி உருகியிருக்கலாம். 15-க்கு மேல் போனால் ரெக்டிஃபையர் போச்சு, அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே காலி பண்ணும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை பேட்டரி போட்டாலும் 4 மாதம்தான்.

கேள்வி: பழைய பாயிண்ட் வைத்த புல்லட். காலையில் கிளம்பும், சூடானபின் நிறுத்தினால் கிளம்பாது. புது பாயிண்ட்டும் சீக்கிரம் கருகுகிறது.
– வாசகர், அயனாவரம்

பதில்: பாயிண்ட் (ஸ்பார்க் தருகிற காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) பாவம், கண்டென்சர்தான் குற்றவாளி. பாயிண்ட் திறக்கும்போது வருகிற கரன்ட்டைக் கண்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பாயிண்ட்டிலேயே பெரிய நீலப் பொறி அடிக்கும், பிளக்குக்கு மஞ்சளாக நோஞ்சான் பொறிதான் வரும். சூட்டில் இது இன்னும் மோசமாகும். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் தேடும்போது பழைய கண்டென்சரை வாங்காதீர்கள், புதுசே விலை குறைவுதான். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.35–0.40 மி.மீ. ஆக்குங்கள். புது பாயிண்ட்டில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

புல்லட்டில் கரன்ட் காட்டும் அம்மீட்டரே ஒரு டெஸ்டர்தான். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். ஆடவே இல்லையென்றால் பாயிண்ட் தொடவில்லை, அல்லது காயிலுக்குக் கரன்ட் வரவில்லை. மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சூடாகும்.

கேள்வி: மழைத் தண்ணீரில் ஓட்டிவந்த 100 சிசி பைக்கில் ஸ்பார்க்கே இல்லை. பேட்டரி போயிருக்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஏ.சி. சி.டி.ஐ. வண்டி (ஸ்பார்க் தரும் சி.டி.ஐ. பெட்டிக்கு இன்ஜின் காயிலிலிருந்தே கரன்ட் வருவது) என்றால் ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையே இல்லை. பிளக் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி, ஒயர் நுனியை 5 மி.மீ. வெட்டி, காயவைத்துத் திருகுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் சி.டி.ஐ.க்குப் போகும் கில் ஒயரை (இன்ஜினை அணைக்க ஸ்பார்க்கை நிறுத்துகிற ஒயர்) பிரித்துவிட்டுக் கிக்கர் அடியுங்கள். ஸ்பார்க் வந்தால் கில் சுவிட்ச்சிலோ சாவி லாக்கிலோ தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தால் மட்டும், எதற்கும் முன் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே வரட்டும்.