ஒரு லட்சம் ரூபாய்க்குப் பெருக்கித் துடைக்கும் ரோபோ: சாரோஸ் 10ஆர், டிரீமி எக்ஸ்50, ஈகோவாக்ஸ் எக்ஸ்8 மூன்றில் எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சென்னையில் மூன்று பெட்ரூம் ஃபிளாட், வீடு முழுக்க டைல்ஸ், கார்பெட் கிடையாது, ஒரு லட்சம் வரை போகலாம். ரோபோராக் சாரோஸ் 10ஆர், டிரீமி எக்ஸ்50 அல்ட்ரா, ஈகோவாக்ஸ் எக்ஸ்8 புரோ ஆம்னி, இந்த மூன்றில் எதை வாங்குவது?

சுருக்கமாகச் சொன்னால், கட்டிலும் சோபாவும் தாழ்வாக இருக்கிற வீட்டுக்கு சாரோஸ். சமையலறைப் பிசுக்குதான் தலைவலி என்றால் எக்ஸ்8. அறைக்கு அறை உயரமான நிலைப்படி இருந்தால் மட்டும் எக்ஸ்50. இந்த மூன்றுமே தேவைப்படாமல், இதில் பாதி விலை மெஷினோடு நிம்மதியாக இருக்கக்கூடிய வீடுகளும் நிறைய உண்டு. உங்கள் வீடு அதில் சேருமா என்று பார்க்கத்தான் மீதிப் பதில்.

முதலில், உறிஞ்சும் சக்தியைக் காட்ட விளம்பரங்களில் போடுகிற அந்தப் பாஸ்கல் கணக்கை ஓரமாக வையுங்கள். 2016-இல் வந்த ஷாவ்மியின் முதல் ரோபோவுக்கு 1,800 பாஸ்கல். 2021-இல் ரோபோராக் எஸ்7 வந்தபோது 2,500. 2023-இல் எஸ்8 புரோ அல்ட்ராவுக்கு 6,000, அடுத்த வருடமே எஸ்8 மேக்ஸ்வி அல்ட்ராவுக்கு 10,000. இப்போது நீங்கள் கேட்கிற மூன்றும் 18,000, 20,000 என்று நிற்கின்றன. பத்து வருடத்துக்குள் பத்து மடங்கு. நம் வீட்டுத் தரை பத்து மடங்கு சுத்தமாகிவிட்டதா என்ன? உறிஞ்சும் வாயை அடைத்து வைத்து, மோட்டாரை உச்ச வேகத்தில் ஓட்டி அளக்கிற எண் அது. தரையில் ஓடும்போது வாய் அடைபட்டிருக்காது. காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது, பிரஷ் தரையை எப்படித் தொடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதோடு, உச்ச வேகத்தில் யாரும் தினமும் ஓட்டுவதில்லை. சத்தம் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கார்பெட்டின் அடியில் புதைந்த மண்ணை எடுக்க அந்தச் சக்தி வேண்டும். வழவழப்பான டைல்ஸில் கிடக்கும் தூசிக்கு 2021-இன் 2,500-ஏ தாராளம். டைல்ஸ் இடுக்குகள் ஆழமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் இவ்வளவு காசு எதற்கு? டாக்குக்கு. ரோபோ போய் நிற்கும் அந்தப் பெரிய பெட்டிக்கு. மலிவு மெஷின்களில் துடைக்கும் துணியை நீங்கள்தான் கழற்றி, அலசி, காயப்போட்டு, மறுநாள் மாட்ட வேண்டும். முதல் வாரம் உற்சாகமாகச் செய்வோம். அப்புறம் ஈரத்துணியோடு அப்படியே விட்டுவிடுவோம். இரண்டாம் நாள் வீடெல்லாம் முடை நாற்றம். உயர்விலை மெஷின்களில் ரோபோ நடுநடுவே டாக்குக்குத் திரும்பி வந்து துணியை அலசிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் டாக் வெந்நீரில் துணியைத் துவைத்து, சூடான காற்றில் காயவைக்கிறது. சாரோஸ், எக்ஸ்50 இரண்டிலும் துவைக்கும் நீர் 80 டிகிரி, எக்ஸ்8-இல் 75. ஐந்து டிகிரி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில்தான் விடும் என்பது பாத்திரம் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். சென்னைப் புழுக்கத்தில் காயவைக்கும் வசதி அதைவிட முக்கியம். நவம்பர் மழையில் கொடியில் போட்ட துணி என்ன வாடை அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெந்நீர்த் துவையலும் சூட்டுக் காற்றும் இல்லாத டாக் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம் என்பேன். இந்த இரண்டும் இருக்கிற நடுத்தர விலை மெஷின்கள் இப்போது வந்துவிட்டன. பாதி விலை போதும் என்று மேலே சொன்னது அவற்றைத்தான்.

டாக் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் என்று விளம்பரத்தில் காட்டுவதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். துணியைத் துவைக்கும் தட்டு ஒன்று அடியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்தால் முடியும் ஈரத் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாக மூலையில் அப்பியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை வெயில் காலத்தில் தினமும் கொட்டிவிடுவது நல்லது. ஒரு நாள் மறந்தாலும் மூடியைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

இனி துடைக்கும் முறை. உண்மையான வித்தியாசம் இங்கேதான். மூன்று வகை இருக்கின்றன. தட்டையான துணி அதிர்ந்துகொண்டே போவது ஒன்று. ரோபோராக் எஸ்7 அதை நிமிடத்துக்கு 3,000 அதிர்வு என்று கொண்டுவந்தது. அன்றாடத் தூசிக்கு நன்றாக இருக்கும், காய்ந்த கறையில் திணறும். இரண்டாவது, இரண்டு வட்டத் துணிகள் தரையை அழுத்திக்கொண்டு சுழல்வது. சாரோஸ் 10ஆர், எக்ஸ்50 இரண்டும் இந்த வகை. ஒரு பக்கத் துணி வெளியே நீண்டு சுவரோரத்தையும் துடைக்கும். மூன்றாவது, எக்ஸ்8-இல் இருக்கிற ரோலர். ஓடும்போதே உருளை மேல் சுத்தத் தண்ணீர் விழுகிறது, ஒரு பட்டை அழுக்கை வழித்து ரோபோவுக்குள் இருக்கும் தனித் தொட்டிக்கு அனுப்புகிறது.

எங்கள் வீட்டில் ஓடுவது வட்டத் துணி வகை, தங்கை வீட்டில் ரோலர். சாம்பார் சிந்திக் காய்ந்த இடத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். வட்டத் துணி முதல் சுற்றில் கறையைக் கரைக்கிறது. ஆனால் அதே துணிதான் அடுத்த இரண்டு மூன்று மீட்டருக்கும் போகிறது. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் மெல்லிய மஞ்சள் வளையம் தெரியும். டாக்குக்குப் போய் அலசிவிட்டு வந்து இரண்டாவது முறை துடைத்தால்தான் மறைகிறது. ரோலரில் அந்த வளையம் வருவதில்லை, தரையைத் தொடுவது எப்போதும் அப்போது அலசிய பக்கமாக இருப்பதால். இதற்கும் விலை உண்டு: ரோபோவுக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தொட்டியையும் வழிப்புப் பட்டையையும் கையால் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே முடி சிக்கினால் எடுப்பது கொஞ்சம் அருவருப்பான வேலை. தங்கை அதற்குத் தனியாகக் கையுறை வைத்திருக்கிறாள்.

கார்பெட் வந்தால் துணியை உயர்த்திக்கொள்வது, துணியை டாக்கிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது போன்றவை எல்லாம் கார்பெட் போட்ட வீடுகளுக்கானவை. உங்களுக்குப் பயனில்லை. ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

சரி, இப்போது ஒரு இன்ச் டேப்பை எடுங்கள். கட்டில், சோபா, டிவி ஸ்டாண்ட் ஆகியவற்றின் அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது? சாரோஸ் 10ஆர் உயரம் 7.98 செ.மீ. வழி பார்க்கத் தலையில் சுழலும் லேசர் கோபுரத்தையே எடுத்துவிட்டு வேறு சென்சார் வைத்ததால் இது சாத்தியமானது. எக்ஸ்50 அந்தக் கோபுரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இழுத்தால் 8.9 செ.மீ., நீட்டினால் 11 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். எக்ஸ்8 கிட்டத்தட்ட 10. கட்டிலுக்கு அடியில் 9 செ.மீ.தான் என்றால் எக்ஸ்8 உள்ளே போகவே போகாது, பேச்சு அங்கேயே முடிந்தது. அளக்கும்போது நிழல் விழும் கீழ்ச்சட்டத்தை அளங்கள், மெத்தைப் பலகையை அல்ல. கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் வீடு என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். (நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.)

அடுத்து நிலைப்படி. சாதாரண ரோபோ 2 செ.மீ. வரை ஏறும். எக்ஸ்50-க்குச் சின்னக் கால்கள் உண்டு, 6 செ.மீ. ஏறும் என்கிறார்கள். சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்: அது 4.2 செ.மீ.யும் 1.8 செ.மீ.யும் சேர்ந்த இரண்டு கட்டப் படிக்கு. ஒரே செங்குத்துப் படியென்றால் 4.2 தான். பால்கனி சறுக்குக் கதவின் தண்டவாளத்துக்கு அது போதும். பாத்ரூம் பக்கம் எந்த ரோபோவையும் விட வேண்டாம், ஆப்பில் தடைக்கோடு போட்டுவிடுங்கள். அதேபோல் கறுப்புக் கிரானைட், கடப்பாக்கல் தரை இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். ரோபோவின் அடியில் இருக்கும் இன்ஃப்ராரெட் சென்சார், ஒளி திரும்பி வரவில்லை என்றால் கீழே பள்ளம் என்று நினைத்துக்கொள்ளும். கறுப்புத் தரை ஒளியை விழுங்குவதால் சில மெஷின்கள் அதன் விளிம்பில் வந்து நின்று பின்வாங்கும். தெரிந்தவர் யாரிடமாவது ரோபோ இருந்தால், எந்த மாடலானாலும், ஒருநாள் இரவல் வாங்கி ஓடவிட்டுப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள் விமர்சன வீடியோக்களில் வராது. பூஜை அறை வாசலில் கோலம் போடுவீர்களென்றால் அந்த இடத்தையும் தடைப்பகுதியாக்குங்கள். ஈரத்துணி கோலமாவைத் தொட்டால் வெள்ளைக் கோடு ஹால் வரைக்கும் வரும். கடுகு சிந்தினால் ரோபோவை உடனே கூப்பிடாதீர்கள். ஓரத்தில் சுழலும் பிரஷ் உருண்டை மணிகளைச் சுண்டிவிடும். பாதி உள்ளே போகும், மீதி ஃபிரிட்ஜ் அடியில் போய்ச் சேரும். நல்ல மெஷின்களில் அந்தப் பிரஷ்ஷின் வேகம் குறையும் வசதி உண்டு, இருந்தாலும் முழுத் தீர்வில்லை. நீளமான தலைமுடி, அதுவும் எண்ணெய் வைத்த முடி, நடு பிரஷ்ஷில் சுற்றுவது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் முன்பக்கக் குட்டிச் சக்கரத்தின் அச்சில் இன்னும் சுற்றும். அதை நெம்பி வெளியே எடுத்து முடியை உருவினால் ரோபோ மறுபடி நேராக ஓடும். சர்வீஸுக்கு ஃபோன் செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

தண்ணீர் விஷயம் பெரிது. போர் தண்ணீரை டாக்கில் ஊற்றினால் சூடாக்கும் பகுதியில் உப்பு படியும், கெய்சருக்கு நடப்பதே இங்கும் நடக்கும். தரையிலும் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு தெரியும். மெட்ரோ வாட்டர் வருகிறதென்றால் அதையே பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் இதற்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கூடாது, உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஃபினாயில், பிளீச்சிங் வகைகளும் வேண்டாம். டியூபும் ரப்பரும் கெடும், வாரண்டியும் போகும். கம்பெனி சொல்கிற திரவத்தை ஊற்றுங்கள், இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும்.

டாக்கை வைக்க அரை மீட்டர் அகலமும் உயரமும் ஒதுக்கி, தனி பிளக் பாயிண்ட் கொடுங்கள். வெந்நீர் வைக்கும்போதும் ரோபோவின் தூசியை இழுக்கும்போதும் நிறைய மின்சாரம் எடுப்பதால் இன்வெர்ட்டர் லைனில் போட வேண்டாம். தூசி இழுக்கும் சில வினாடிகள் மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற மாதிரி சத்தம் வரும். குழந்தை தூங்கும் நேரத்தில் அது நடக்காதபடி ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலிருந்து யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்லலாமா என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள். ரோபோ பேட்டரியில் ஓடினாலும், டாக் நேரடியாகச் சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது. அமெரிக்க மாடலின் டாக் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230-இல் சொருகினால் கதை முடிந்தது. சீனாவுக்கென்று செய்த மாடல்களில் ஆப், மொழி, சர்வர் எல்லாமே தகராறு. உங்கள் ஊரில் சர்வீஸ் யார் செய்கிறார்கள் என்று கேட்டு, பதில் வந்த பிராண்டை மட்டும் பரிசீலியுங்கள். மேலே நான் சொன்ன தேர்வையே இந்த ஒரு காரணத்துக்காக மாற்றலாம்.

இந்த ரோபோக்களில் இருக்கும் கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. 2024-இல் அமெரிக்காவில் சில வீடுகளில் ஈகோவாக்ஸ் எக்ஸ்2 மெஷின்களை யாரோ ஊடுருவி, ஸ்பீக்கரில் வசைமொழி ஒலிக்கவிட்டது செய்தியானது. அதற்கு முன் 2022-இல், ஐரோபாட் கம்பெனியின் ரூம்பா ரோபோக்களின் சோதனை மெஷின்கள் எடுத்த வீட்டுப் படங்கள் இணையத்தில் கசிந்திருந்தது தெரியவந்தது. இவை ஒரு பிராண்டின் பிரச்சினை மட்டும் அல்ல. கேமராவும் இணையமும் உள்ள எல்லாவற்றுக்கும் பொது. வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள், கேமராவில் வீட்டைப் பார்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கம்பெனி நிலைக்குமா என்பதும் கேள்விதான். 2002-இல் ரூம்பாவைக் கொண்டுவந்து இந்தச் சந்தையையே பிரபலமாக்கிய ஐரோபாட், அமேசான் வாங்குவதாக இருந்த ஒப்பந்தம் 2024 ஜனவரியில் கைவிடப்பட்ட பிறகு தேறவில்லை. 2025 டிசம்பரில் திவால் மனு போட்டது. நியாட்டோ என்ற இன்னொரு ரோபோ கம்பெனி 2023-இலேயே கடையை மூடிவிட்டது. ஆகவே, வைஃபையோ கம்பெனியின் சர்வரோ போனாலும் மெஷின் மேல் இருக்கும் பட்டனை அழுத்தினால் வீட்டைப் பெருக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் கூடவே, டாக்கில் தூசி சேரும் டஸ்ட் பேக் ஒரு பாக்கெட்டும் இன்னொரு செட் துணியும் வாங்கி வையுங்கள். மாடல் பழசானதும் முதலில் கிடைக்காமல் போவது இவைதான்.