8 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியிலும் நட்சத்திரம் ஏன் மங்கலாகத் தெரிகிறது? அதை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

குற்றம் கண்ணாடியில் இல்லை, மேலே இருக்கும் காற்றில். சூடும் குளிருமாகக் கலங்கும் காற்று, வரும் ஒளி அலையைக் கசக்கிவிடுகிறது. சிலியில் பரனால் மலையில் உள்ள விஎல்டி (வெரி லார்ஜ் டெலஸ்கோப்) என்ற நான்கு பெரிய தொலைநோக்கிகளின் தொகுதியில் நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கண்ணாடியிலிருந்து வரும் ஒளியைத் திருப்பிவிடும் அதன் இரண்டாம் கண்ணாடி 1.12 மீட்டர் அகலம், தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர். பின்னால் இருக்கும் 1170 மின்காந்த உந்திகள், அலை எப்படிக் கசங்கியதோ அதற்கு நேர் எதிராக, நொடிக்கு ஆயிரம் முறை வரை அதை வளைக்கின்றன.

சரி, கசங்கலை அளப்பது எப்படி? பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில், அளந்து பார்க்க ஒரு பிரகாசமான நட்சத்திரம் வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காதே! அதனால் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை லேசரால் ஒளிரவைத்துப் போலி நட்சத்திரம் செய்துகொள்கிறார்கள் (எனக்கு இதுதான் பெரிய தந்திரமாகப் படுகிறது). அகச்சிவப்பில் இதெல்லாம் எளிது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கடினம்.