மூன்று மீட்டர் பாஸ்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்களுக்குப் பிடித்த ஐந்து கால்பந்து வீரர்களில் ஒருவராக கிளோட் மக்கெலெலேயைச் சொல்லியிருந்தீர்கள். யாரென்று தேடிப் பார்த்தேன். பிரான்சுக்காக 71 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு கிளப்புகள் மாறியிருக்கிறார், எங்கேயும் நிலைக்கவில்லை. ரியல் மாட்ரிட்டே அவரை விற்றுவிட்டது. வீடியோக்களில் பார்த்தால் பந்தைப் பறிக்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார், அவ்வளவுதான். இதில் அப்படி என்ன இருக்கிறது? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘நிலைக்கவில்லை’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சு கிளப்பான நான்ட்டில் ஐந்து வருடம், இங்கிலாந்தின் செல்சியில் ஐந்து வருடம், மாட்ரிட்டிலும் பாரிஸிலும் மும்மூன்று வருடம் ஆடியவர் அவர். நடுவில் மார்செய்யில் ஒரு வருடம், ஸ்பெயினில் செல்டா விகோவில் இரண்டு. முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஆடினார். நடுக்களத்தில் ஓடி ஓடித் தேய்கிற வேலையில் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நீங்கள் பார்த்த மக்கெலெலே ஆரம்பத்திலிருந்தே அப்படி ஆடியவர் இல்லை. கின்ஷாசாவில் பிறந்து, நான்கு வயதில் பிரான்சுக்கு வந்தவர். அப்பாவும் கால்பந்து ஆடியவர்தான். நான்ட்டில் வலது பக்கம் முன்னேறி ஓடுகிற ஆட்டக்காரராகத்தான் தொடங்கினார். 1994-95ல் நான்ட் பிரெஞ்சு லீகை ஒரே ஒரு தோல்வியோடு வென்றபோது அந்த அணியில் இருந்தார். செல்டாவுக்குப் போன பிறகுதான் நடுவில் வந்து நிலைகொள்கிறார். அங்கேயும் கோல் போடாமல் இல்லை. 2000 மார்ச்சில் யுவெண்டஸை 4-0 என்று செல்டா தூக்கி எறிந்த ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே விழுந்த கோல் இவருடையது. ஆக, முன்னால் போகத் தெரியாதவர் இல்லை. போகாமல் நிற்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர்.

அதே வருடம் மாட்ரிட் அவரை வாங்கியது. அப்புறம் வருடத்துக்கு ஒருவராக ஜிடேன், பிரேசிலின் ரொனால்டோ என்று வந்து சேர்ந்தார்கள், ஃபிகோவும் ராவுலும் ரொபர்டோ கார்லோஸும் ஏற்கெனவே இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடத்தான் ஆசை. 2002 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், கிளாஸ்கோவில், இடைவேளைக்குச் சற்று முன்பு பந்து தரையில் விழுமுன்பே ஜிடேன் இடது காலால் அடித்த அந்த வாலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்தப் பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பவர் ரொபர்டோ கார்லோஸ். அவர் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் பின்னால் நின்று காக்க வேண்டியவர். எதிரியின் பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை? அவர் போனதும் இடது பக்கம் திறந்து கிடக்கிறது. பந்து பறிபோனால் எதிரணியான லெவர்குசன் அந்த வழியாகத்தான் வரும். ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார், பின்னால் மக்கெலெலே இருக்கிறார் என்ற தைரியம் அந்த அணி முழுக்க இருந்தது. அந்தத் தைரியத்தை எந்த வீடியோவில் வெட்டி ஒட்டிக் காட்டுவார்கள், சொல்லுங்கள்.

2003 கோடையில் மாட்ரிட் பெக்காமை வாங்கியது. அணியில் மற்ற நட்சத்திரங்களைவிட மிகக் குறைவாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மக்கெலெலே, கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். முடியாது என்றார்கள். முப்பது வயதில் செல்சிக்குப் போய்விட்டார். கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் அப்போது சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்ததன் சாரம் இது: அவரிடம் வேகம் இல்லை, தலையால் முட்டத் தெரியாது, பாஸ்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பின்னாலும் பக்கவாட்டிலும்தான் போகின்றன, மூன்று மீட்டருக்கு மேல் கொடுப்பதே அபூர்வம், சீக்கிரம் மறந்துபோவோம்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. மூன்று மீட்டர் பாஸ் என்பது குறை இல்லை. மூன்று மீட்டரில் ஜிடேன் நிற்கிறார் என்றால், நாற்பது மீட்டர் பந்தை அனுப்ப வேண்டியவர் ஜிடேன்தான். பறித்த பந்தை உடனே, சரியான காலில், எதிரி வந்து சேர்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். அதைத் தொண்ணூறு நிமிடமும் பிசகாமல் செய்தவரைப் பார்த்து இவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்து வந்த 2003-04 சீசனில் பெக்காமையும் கூட்டி என்கிற ஆட்டக்காரரையும் நடுவில் போட்டு ஆடினார்கள், இரண்டு பேரும் அழகாகப் பந்தைக் கொடுப்பவர்கள், பறிப்பவர்கள் இல்லை. சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் மொனாகோவை 4-2 என்று வென்றுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் 3-1 என்று தோற்று வெளியேறினார்கள். லீகில் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று நான்காவதாக முடித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் மக்கெலெலே போனதுதான் என்று சொன்னால் நியாயம் இல்லை. பயிற்சியாளர் டெல் போஸ்கேயையும் அதே கோடையில்தான் அனுப்பினார்கள், கேப்டன் யெர்ரோவும் போய்விட்டார். ஆனால் அந்த வருட ஆட்டங்களில் நடுக்களத்துக்கும் டிஃபன்ஸுக்கும் இடையில் ஒரு பெரிய வெற்றிடம் கிடந்தது. அது முன்பு ஒருவர் நின்ற இடம்.

செல்சியில் பயிற்சியாளராக மொரீனியோ வந்ததும் 4-3-3 ஆட்டம், அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று. அப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான அணிகள் 4-4-2. எதிரியின் நடுக்களத்தில் இரண்டு பேர், செல்சிக்கு மூன்று பேர். லாம்பார்டும் இன்னொருவரும் முன்னால் போய் அந்த இருவரையும் இழுத்துக்கொண்டால், பின்னால் மக்கெலெலே தனியாக நிற்பார். அவரை மறிக்க யாராவது வந்தால் வேறெங்கோ செல்சி ஆள் ஒருவன் மறிப்பாரில்லாமல் நிற்பான், வராவிட்டால் அவர் நிதானமாக ஆட்டத்தை நடத்துவார். 2004-05ல் செல்சி 95 புள்ளிகள் எடுத்து லீகை வென்றது, 38 ஆட்டங்களில் வாங்கியது 15 கோல்தான். கோல்கீப்பர் செக், டிஃபன்ஸில் டெர்ரி, கார்வாலியோ என்று மூவரையும் புகழ வேண்டியதுதான், ஆனால் அவர்கள் வரை பந்து வராமல் பார்த்துக்கொண்டவர் இவர். அந்த இடத்துக்கே ‘மக்கெலெலே ரோல்’ என்று பெயர் வந்துவிட்டது. லிங்காலா மொழியில் மக்கெலெலே என்றால் இரைச்சல் என்று பொருள்.

அந்த சீசனில் கோப்பையைக் கையில் வாங்கிய நாள், 2005 மே 7, சார்ல்டனோடு ஆட்டம். கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. வழக்கமாக அடிப்பவர் லாம்பார்ட், அன்றைக்கு மக்கெலெலேயை அடிக்கச் சொன்னார்கள், செல்சிக்காக அதுவரை அவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அடித்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை மறுபடி உதைத்தார், சரியாகக்கூடப் படவில்லை, உருண்டு உள்ளே போனது. லீகை ஏற்கெனவே வென்றாகிவிட்டது, அந்த கோலால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. ஆனாலும் மொத்த அணியும் அவர்மேல் வந்து விழுந்தது. கூட ஆடுகிறவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது.

ஒன்று செய்யுங்கள். தொகுப்பு வீடியோக்களை விட்டுவிட்டு, 2006 உலகக்கோப்பையில் பிரான்ஸ் பிரேசிலை 1-0 என்று வென்ற ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஓய்வு அறிவித்துவிட்டு ஜிடேனோடும் துராமோடும் திரும்பி வந்து ஆடிய உலகக்கோப்பை அது. எல்லாரும் அன்றைய ஜிடேனைத்தான் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான். நீங்கள் ஒரு பத்து நிமிடம் மட்டும் பந்தை விட்டுவிட்டு, 6ஆம் நம்பர் சட்டையையே பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.