நம்பிக்கை மேடைப்பேச்சா?

கேள்வி: 2025-இல் ஜேன் குடால் மறைந்தபோது ஆளாளுக்கு அவரிடம் நம்பிக்கையைக் கற்கச் சொன்னார்கள். சிம்பன்சி பார்க்க ஆப்பிரிக்கா போன அம்மையாரிடம் தாமிரபரணிக் கரைக்காரன் கற்க என்ன இருக்கிறது? ஆறு கண்முன்னே நாறும்போது நம்பிக்கை வெறும் மேடைப்பேச்சுதானே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அம்மையார் மேடை ஏறுவதற்கு முன் என்ன செய்தார் என்றும் பாருங்கள். 1960-இல் இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனபோது அவருக்கு வயது 26. பட்டம் கிடையாது. தனியாக ஒரு பெண்ணை விடமாட்டோம் என்று அதிகாரிகள் சொல்ல, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். (அந்த அம்மா சும்மா இருக்கவில்லை; ஏரிக்கரை மீனவர்களுக்கு மருந்து கொடுத்தார். மகளுக்கு அங்கே கிடைத்த நல்ல பெயரில் பாதி அவருடையது என்பேன்.) மாதக்கணக்கில் சிம்பன்சிகள் அவரைக் கண்டாலே ஓடின. அப்புறம்தான், தாடி நரைத்த ஒன்று புல் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டி வந்ததை உதட்டால் வழித்துத் தின்பதைப் பார்த்தார்.

இந்தக் கதை எல்லோரும் எழுதியது. நமக்கு வேண்டியது பிந்தைய கதை. சுமார் 30 ஆண்டு கழித்து சிறு விமானத்தில் கோம்பே மேல் பறக்கிறார். தேசியப் பூங்காவாகிவிட்ட அந்தக் காட்டுக்கு வெளியே மலையெல்லாம் மொட்டை. விறகுக்கும் வயலுக்கும் மரம் போய்விட்டது. வயிறு காயும் ஊரில் மரத்தை வெட்டாதே என்றால் யார் கேட்பார்? 1994-இல் தொடங்கிய திட்டத்தில் அந்நாட்டு ஆட்களே கிராமம் கிராமமாகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். விளைச்சல், வைத்தியம், பள்ளிக்கூடம் என்று பதில் வந்தது. அதைக் கவனித்த பிறகுதான் மலைக்கு மரம் திரும்பத் தொடங்கியது.

நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. 1994-இல் அரசு சரணாலயம் என்று அறிவிப்பதற்கு வெகு முன்பே கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள், வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டின. தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டுக்குக் கீழே நடந்தால் எச்ச நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதே எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர்தான் வயலுக்கு உரம். பறவைக்கும் ஊருக்கும் கணக்கு நேராக இருக்கிறது. வெறும் பறவைப் பாசம் என்றால் நாலு தீபாவளி தாங்கியிருக்காது.

இனி பாபநாசம் படித்துறைக்கு வாருங்கள். பரிகாரம் என்று முழுக்குப் போட்டுவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். இறங்கினால் ஈரச்சேலை காலைச் சுற்றுகிறது. தன்னார்வலர்கள் அள்ள அள்ள, அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேருகிறது. தோஷம் கழிய வேண்டும் என்று அத்தனை தூரம் வந்தவரிடம் போடாதே என்றால் எடுபடாது. துணியைக் கரையில் ஓரிடத்தில் விட்டால் தோஷம் போகாதா என்று, பரிகாரம் எழுதிக்கொடுக்கிற ஜோசியரிடம் யாராவது கேட்டீர்களா? குடால் முதலில் அந்த வீட்டு வாசலில்தான் நின்றிருப்பார்.

அம்பையிலிருந்து பாபநாசம் பஸ் ஏறினால் பக்கம்தான். ஆடி அமாவாசைக்கு முன்னால் கேட்டு எழுதுங்கள். ஜோசியர் சொன்ன பதிலை இதே பக்கத்தில் போடுகிறேன்.