செக்யூரிட்டி, மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீசியன்: வேலை மாறிக்கொண்டே இருந்தது வீணா?

கேள்வி: செக்யூரிட்டி, மெக்கானிக், வெல்டர் என்று துறை மாறி மாறி வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முன்பு கற்றது அடுத்த வேலைக்கு உதவியதா, இல்லை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்ததா?

இருக்கிறேன். கேட்டில் செக்யூரிட்டியாகத் தொடங்கி, மெக்கானிகல் மெயின்டனன்ஸ், கொஞ்ச காலம் லேத் (கடைசல் மெஷின்), பிறகு வெல்டிங், இப்போது பெரும்பாலும் எலக்ட்ரிகல். "ஒரு இடத்துல உருப்படியா நில்லேன்டா" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது.

கைத்திறனைக் கேட்டால், பெரும்பாலும் முதலிலிருந்துதான். வெல்டிங் ராடு பிடித்துப் பழகாத கைக்கு, எத்தனை பேரிங் மாற்றியிருந்தாலும் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) நிற்காது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் எல்லா வேலைக்கும் கூடவே வந்தது. யாராவது "ஆச்சு, முடிஞ்சுது" என்று சொன்னால், தலையாட்டிவிட்டு நகராமல் நானே போய்த் தொட்டுப் பார்ப்பது. அதைக் கற்றுக்கொடுத்தது செக்யூரிட்டி வேலை. அதனால்தான் அந்த வேலையை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நாற்காலியில் உட்காரும் வேலை. உண்மையில் பாதி நேரம் எழுத்து வேலை. உள்ளே வரும் வண்டிக்கு நேரம், நம்பர், சலானில் உள்ள எண்ணிக்கை, வண்டியில் உள்ள எண்ணிக்கை. வெளியே போகும் பொருளுக்கு கேட் பாஸ், அதில் இருப்பது சரியான ஆளின் கையெழுத்துதானா என்கிற கண். மீதிப் பாதி, ரவுண்டு. அந்தக் காலத்தில் வாட்ச்மேன் தோளில் ஒரு கனத்த கடிகாரத்தை மாட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு மூலையிலும் சங்கிலியில் ஒரு சாவி தொங்கும். அதை உள்ளே விட்டுத் திருப்பினால் காகிதத்தில் நேரம் பதியும். இப்போது சுவரில் ஒரு பட்டன், கையில் ஒரு ரீடர். ரெண்டும் ஒன்றைத்தான் சொல்லும்: இவன் இந்த நேரத்தில் இங்கே வந்தான். வந்தவன் பார்த்தானா என்பதை எந்த மெஷினும் சொல்லாது. ஸ்டோர் கதவின் பூட்டு தொங்குவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். அது சரியாக விழுந்திருக்கிறதா என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ரவுண்டு பழக்கிய பெரியவர் சொன்னது: "தம்பி, பூட்டைப் பாக்காத, இழு."

நள்ளிரவு தாண்டினால், அதிலும் விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், மூளை தானாகவே இறங்கிவிடும். எவ்வளவு பழகினாலும் இறங்கும். த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979 மார்ச் 28 அன்று விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கியது. செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரல் 26, இரவு 1.23க்கு. எல்லாவற்றுக்கும் தூக்கக் கலக்கம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வடிவமைப்புக் கோளாறும் உண்டு. ஆனால் நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கு அந்த நேரங்களைப் படித்ததும் முதுகு சில்லிடும்.

செக்யூரிட்டியிலிருந்து மெக்கானிகலுக்குப் போனது ரவுண்டால்தான். பம்ப் ஹவுஸ் பக்கமாக நடக்கும்போது ஒரு மோட்டார் சத்தம் முந்தின நாள் மாதிரி இல்லை என்று ரெஜிஸ்டரில் எழுதி வைத்தேன். காலையில் வந்த ஃபிட்டர் சிரிக்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். நல்ல பேரிங் ஒரே சீராக 'உஸ்ஸ்' என்று ஓடும். கிரீஸ் காய்ந்திருந்தால் கீச்சிடும். ரேஸில் (குண்டுகள் ஓடும் தடத்தில்) உரிசல் விழுந்திருந்தால் கரகரவென்று, ஒரு தாளத்தோடு கேட்கும். அன்று கேட்டது கரகர. "நல்லா காது இருக்கே, உள்ள வர்றியா?" என்றார். ஹெல்ப்பராகப் போனேன், சம்பளம் குறைந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேரிங் மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகச் செய்தது எது, கெடுத்தது எது என்று அன்றைக்குத் தெரியாத வேலை இது. ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங்கை வெளி ரிங்கில் தட்டி ஏற்றினால், அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் நுண்ணிய பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றினாலும் பெரிதாகத் தெரியாது. மெஷினும் ஓடும். சில வாரம் கழித்து அதே கரகர. அப்போது பழி பேரிங் கம்பெனி மேல் போகும். முறையான வழி, ஹீட்டரில் வைத்து 110 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, விரிந்ததும் ஷாஃப்ட்டில் நழுவவிடுவது. 120ஐத் தாண்டவிடக் கூடாது. சூடாக்க வழியில்லை என்றால், ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்காரும் உள் ரிங்கில் மட்டும் குழாய் வைத்துத் தள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் சுத்தியல் பக்கத்தில் இருக்கும், ஹீட்டர் ஸ்டோரில் இருக்கும்.

போல்ட்டும் இப்படித்தான் ஏமாற்றும். டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவு திருகுவிசை வந்ததும் சத்தம் போடும் ஸ்பேனர்) 'டக்' என்று சொன்னால் இறுகிவிட்டது என்று நினைக்கிறோம். நாம் கொடுக்கும் டார்க்கில் பாதி போல்ட் தலைக்கடியில் உராய்வில் போகிறது, ஏறக்குறைய நாற்பது சதவீதம் மரையில் (திருகு வரிகளில்) போகிறது, பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் ஆயில் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதே 'டக்'குக்கு இறுக்கம் வேறுவேறு.

லேத்தில் அதிக காலம் இல்லை. மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் படிக்கவும், டயலைத் திருப்பும்போது பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) விழாமல் எப்போதும் ஒரே பக்கமிருந்து வரவும் கற்றேன். பழைய மெஷின்களில் ஏன் சில நட்டுகள் ரெண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்கின்றன என்பதும் அங்கேதான் புரிந்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. 3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டும் எம்10 (10 மில்லிமீட்டர் மெட்ரிக்) போல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் நட்டு மற்றதில் சரியாகப் பொருந்தாது.

வெல்டிங்குக்கு இழுத்துப் போனது, நம்ப மாட்டீர்கள், மறுபடியும் காவல்தான். எரியக்கூடிய பொருள் உள்ள இடத்தில் வெல்டிங், கட்டிங் செய்ய ஹாட் ஒர்க் பெர்மிட் வேண்டும். அதில் ஃபயர் வாட்ச் என்று ஒரு ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். "நீதான் செக்யூரிட்டியில இருந்தவனாச்சே" என்று என்னை நிறுத்தினார்கள். பொறி 35 அடி, அதாவது கிட்டத்தட்ட 11 மீட்டர் வரை போகலாம் என்பதுதான் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 51பி விதியின் கணக்கு. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று இருந்ததை 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கினார்கள். சும்மா நிற்கும் அந்த நேரத்தில் வெல்டரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆர்க் நீளத்தை ராடின் கனத்தைவிடக் கூடவிடாமல், உருகிய உலோகக் குளம் பின்னால் உறைவதைப் பார்த்தபடி நகர்த்துவார். என் முகத்துக்கும் ஒரு ஷீல்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறும் கண்ணால் பார்த்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, தூங்கப் போகும் நேரத்தில் கண்ணில் மணல் அள்ளிக் கொட்டியதுபோல் எரியத் தொடங்கும்.

வெல்டிங்கில் எனக்குப் பிடித்தது, அங்கே வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை. எத்தனை வருட அனுபவம் என்று சொன்னாலும், ஒரு தகட்டையோ பைப்பையோ கொடுத்து வெல்டு ஓட்டச் சொல்வார்கள். ஓட்டியதை வெட்டி, பட்டையாக்கி, வளைப்பார்கள். வளைத்த இடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு திறந்தால் ஃபெயில். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க மெக்கானிகல் இன்ஜினியர்கள் சங்கம்) விதிப்படி, பாஸ் ஆனவரும் அந்த வகை வெல்டிங்கை ஆறு மாதம் தொடாமல் விட்டால் தகுதி போய்விடும். 7018 என்ற வகை ராடும் கவனிக்காமல் விட்டால் கெடும், பாக்கெட்டைத் திறந்து வெளியில் போட்டால் ஈரம் இழுக்கும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கடினமான ஸ்டீலுக்குள் புகுந்து, வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்து விரிசல் விடும். அதனால்தான் சில வேலைகளில் 48 மணி நேரம் காத்திருந்து டெஸ்ட் எடுக்கிறார்கள். ராடை ஓவனில் வைத்தேன் என்று ஹெல்ப்பர் சொன்னால், ஓவன் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று நான் போய்ப் பார்ப்பேன். அவனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நானே போய்ச் சரிபார்க்கும் இந்தக் குணம் எலக்ட்ரிகலில் ஒரு குறையே இல்லை, விதியே அதுதான். லைன் ஆஃப் என்று சொன்னால் போதாது. ஐசொலேட்டரில் (லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) என் பூட்டு, சாவி என் பையில். வேலை பார்ப்பவர் எத்தனை பேரோ அத்தனை பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால்? முதல் தடவை இதைச் செய்தபோது, பழைய பெரியவரின் "இழு" ஞாபகம் வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆகும்: எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் ஸ்விட்ச்) காப்பாற்றுவது ஒயரை. மனிதனைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேண்டும், அதிலும் டெஸ்ட் பட்டன் என்று ஒன்று இருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

இனி, மாறியதற்குக் கொடுத்த விலை. ஒவ்வொரு முறையும் சம்பளம் கீழே இறங்கியது. என்னைவிட வயதில் சின்னப் பையனை "சார்" என்று கூப்பிட்டேன். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, வீட்டில் தெரிந்தது. ஒரே இடத்தில் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் பணிக்கொடையும் சீனியாரிட்டியும் எனக்கில்லை. இதை மறைத்துவிட்டு 'அனுபவம் கிடைத்தது' என்று பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. இரவு வேலைக்கு உடம்பும் விலை கொடுக்கும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே இரவு ஷிப்ட் வேலையைப் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது, 2019இல் அதை உறுதியும் செய்தது.

நீங்கள் மாறுகிற யோசனையில் இருந்தால், ஒட்டியிருக்கிற வேலைக்கு மாறுங்கள். செக்யூரிட்டியில் இருந்தால் ஃபயர் அண்ட் சேஃப்டி பக்கமோ மெயின்டனன்ஸ் பக்கமோ போகலாம். ஃபிட்டருக்கு வெல்டிங் பக்கத்து வீடு. மெக்கானிகலும் எலக்ட்ரிகலும் சேர்ந்து தெரிந்த ஆளைச் சின்னத் தொழிற்சாலைகள் விடாது, இரண்டு பேருக்குப் பதில் ஒருவர் என்ற கணக்கு அவர்களுக்கு. கிளம்பும் முன் ஒவ்வொரு இடத்திலும் சர்வீஸ் சர்டிபிகேட்டில் 'ஹெல்ப்பர்' என்று மட்டும் எழுதவிடாமல், எந்த மெஷினில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.