விலையைக் குறைத்தேன், ஆட்களும் குறைந்தார்கள்

கேள்வி: பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 90 ரூபாயை 70 ஆக்கி, ‘ஊரிலேயே மலிவு’ என்று நோட்டீஸும் அடித்தேன். 40 பேரில் 9 பேர் நின்றுவிட்டார்கள். ருசி மாறவில்லை. எங்கே தவறு?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ருசி மாறவில்லை என்றால் எனக்கு அந்த நோட்டீஸ் மேல்தான் சந்தேகம்.

டாடா நானோ கார் நினைவிருக்கிறதா? ஒரே ஸ்கூட்டரில் குடும்பமே நெருக்கியடித்துப் போவதைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை அது. 2009இல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய்க்குள் நிறுத்த வேண்டுமே! இரண்டே சிலிண்டர், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. கெட்டிக்கார வேலைதான். ஆனால் ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் கார் வாங்குகிறவர் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, தெருவே பார்க்க ஓட்டி வருவார். ‘ஓ, அந்த ஒரு லட்ச ரூபாய் வண்டியா?’ என்று அந்தத் தெரு கேட்டால்? அந்தப் பெயர் தவறாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னால் ஒப்புக்கொண்டார். 2018உடன் தயாரிப்பு ஏறக்குறைய முடிந்தது. (மேற்கு வங்கத்தின் சிங்கூரில் தொழிற்சாலை நிலத்துக்காக நடந்த தகராறு, சில வண்டிகள் தீப்பிடித்தது என்று வேறு காரணங்களும் உண்டு.)

சரி, உங்கள் விஷயம். என் சித்திக்கு 74 வயது. தனியாக இருக்கிறார். மலிவாகச் சாப்பாடு கொடுத்த ஓர் இடத்தை மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் டப்பாவை கேட்டில் மாட்டிவிட்டு மணி அடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். “அன்னதானம் வாங்குற மாதிரி இருக்குடா” என்றார்.

இப்போது வேறொரு அம்மாவிடம் வாங்குகிறார், 20 ரூபாய் கூடுதலாக. அந்த அம்மா காலை எட்டு மணிக்கு போன் செய்து, “வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா?” என்று கேட்பார். அவ்வளவுதான். ஆனால் நாற்பது வருஷம் ஒரு அடுப்படியை ஆண்டவருக்கு இன்னமும் சமையல் அவர் சொல்படி நடக்கிறது. நேற்று உப்பு தூக்கல் என்று அதட்டல் வேறு! அந்த அதட்டலுக்கும் சேர்த்துத்தான் 20 ரூபாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். விலையைப் பழையபடி 90 ஆக்குங்கள். நின்றுபோன 9 பேரிடமும் நேரில் போய், நாளைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று கேளுங்கள். முடிந்தால் எவர்சில்வர் அடுக்குக்கு மாறுங்கள். சித்தி தனக்குச் சாப்பாடு வரும் அடுக்கைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தருவார். காலியாகத் தரக்கூடாதாம். கொல்லைக் கறிவேப்பிலை ஒரு கொத்தாவது உள்ளே இருக்கும்.